நாலு மில்லிமீட்டர்

இருநூறு மணி நேரம் பறந்த கணக்கு,
ரேடியோ லைசென்ஸ், ஏர்பஸ் ரேட்டிங்,
காதிலும் கண்ணிலும் பழுதில்லை என்ற சீல்,
எல்லாம் ஒரே பிளாஸ்டிக் உறைக்குள்.

ஸ்கேன் டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார்.
வலது இருக்கைக்காரிக்கு
வலது சிறுநீரகத்தில் கல்.
'உண்ணாமலை, தற்காலிகத் தகுதியின்மை.'
கரையும் வரை
எழுபது டன் தரையில்.

பள்ளத்தூரில் மூணாவது டம்ளர்
வாழைத்தண்டுச் சாறு.
பெண் பார்க்க வந்தவர்கள்
தோட்டில் எத்தனை கல் என்றார்கள்.
கல் ஒண்ணுதான், என்றேன்,
அதுவும் தோட்டில் இல்லை.
அம்மா
காபித் தட்டோடு நின்றுவிட்டாள்.

ராத்திரி மொட்டைமாடி.
திருச்சிக்கு இறங்குகிறது ஒன்று.
சக்கரம் இறக்கும் நேரம்.
யாரோ என் இருக்கையில்.

இடது கை
த்ராட்டிலுக்கு நீண்டு
டம்ளரைத்
தட்டிவிட்டது.