பதினோரு நிமிடம்

அஜ்மானில், மீன் மார்க்கெட்டுக்குப் பின்தெரு
டைப்பிங் சென்டரில் எனக்கு வேலை.
விசா புதுப்பிக்க, வாடகை ஒப்பந்தம் போட,
ஓடிப்போன டிரைவர்மேல் புகார் கொடுக்க,
யார் வந்தாலும் ஒரு விண்ணப்பம் முப்பது திர்ஹாம்.
முகம் பார்க்காமலே கேட்பேன்:
தகப்பன் பெயர்? பிறந்த ஊர்? மணமானவரா?

இன்று எதிர் நாற்காலியில் அப்பா.
லூர்துராயன், வயது அறுபத்தொன்பது,
கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில் முன்னாள் வெல்டர்.
பெயரை அரபியில் அடித்தேன்.
வலமிருந்து இடம் போகிற எழுத்து.
ஜனவரியில் ஒரு விடியற்காலை
அப்பாவின் பலமும் அப்படித்தான் போனது.

மன உறுதி உடையோர் அட்டை, இங்கே அதற்குப் பெயர்.
சொன்னதும் வாயின் ஒரு பக்கத்தால் சிரித்தார்.
“உறுதி இருக்கே. அதுக்கு எதுக்கு கார்டு?”

பார்க்கிங் இலவசமாம். எங்களிடம் கார் இல்லை.
வரிசையில் நிற்க வேண்டாமாம்.
பிசியோதெரபிக்குப் பாதிக் கட்டணம் என்கிறான் ஷொஹாக்;
அவன் சொல்வதில் பாதி உண்மையாக இருக்கும்.

உதவியின்றிக் குளிப்பாரா?
உதவியின்றி உண்பாரா?
உதவியின்றி உடை அணிவாரா?
ஒவ்வொன்றுக்கும் “ஆமா” என்றார் அப்பா.
ஒவ்வொன்றுக்கும் ‘இல்லை’யைத் தட்டினேன்.
திரையை அவர் பக்கம் திருப்பவில்லை.

மருத்துவச் சோதனைக்கு முந்தின இரவு
சமையலறை விளக்கு வெகுநேரம் எரிந்தது.
தண்ணீர் குடிக்கிறார் என்று தூங்கிப்போனேன்.

“லுர்த் ரயான்” என்று நர்ஸ் கூப்பிட்டாள்.
சட்டையைக் கழற்றி, திரும்பப் போடச் சொன்னார் டாக்டர்.
இடது கை மட்டும்.
முகமூடிக்குள் தீப்பொறி பார்க்கும்போது சுருங்குமே,
அதே புருவம்.
இரண்டு தகடுகளுக்கு நடுவே கம்பியை நகர்த்துவதுபோல்
ஒவ்வொரு பொத்தானாக.
நேற்றைய விளக்கு அப்போதுதான் புரிந்தது.
ஏழும் முடிந்ததும் டாக்டரைப் பார்க்கவில்லை,
என்னைப் பார்த்தார்,
ரேங்க் கார்டை நீட்டுகிற பையன் மாதிரி.

“வெரி குட், பாபா” என்று எதையோ குறித்தார் டாக்டர்.

பதினோரு நிமிடம் ஆனது டாக்டர், என்றேன்.
சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
தினமும் நான்தான் போட்டுவிடுகிறேன்.
சோறு நான்தான் பிசைகிறேன்.
குளியலறையில் இருமுறை விழுந்தார்.
மூன்றாவதை என்னிடம் சொல்லவில்லை,
முழங்கையில் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.
எல்லாம் ஆங்கிலத்தில்தான் சொன்னேன்.
முப்பது வருஷம் கப்பலடியில் கேட்ட ஆங்கிலம் அவருக்கு.
ஒரு சொல்லும் தப்பவில்லை.

டாக்சியில் ஏசி இரைச்சல் மட்டும்.
கோர்னிஷ் ஓரம் ஆகஸ்ட் கடல், உருக்கி ஊற்றிய ஈயம்.
சட்டையில் நாலாவது பொத்தான் அஞ்சாவது ஓட்டையில்.
டாக்டரும் பார்த்திருப்பார்.
நான் கை வைக்கவில்லை.

பெட்ரோல் பங்க் தாண்டும்போது கேட்டார்:
“விழுந்ததை எதுக்குச் சொன்ன?”
பாஸாகணுமேப்பா.
“ஓ. பெயிலானாத்தான் பாஸு.”
சிரித்தாரா, தெரியவில்லை.
மரத்த கன்னம் என் பக்கம் இருந்தது.

சென்டரில் ஒரு கையெழுத்து பாக்கி.
கைரேகை போதும்ப்பா என்றேன்.
மை டப்பாவை முழங்கையால் தள்ளினார்.
மூன்று தாள் வீணானது.
நான்காவதில் ‘லூர்’ வரை கட்டத்துக்குள் நின்றது,
மீதி வெளியே வழிந்தது.
அனுப்பிவிட்டேன்.

பிறகு இடது கையை வளைத்து இடது பைக்குள் விட்டு,
அதற்கும் நேரம் பிடித்தது,
மூன்று பத்துத் தாள்களை மேசையில் வைத்தார்.
எதுக்குப்பா இது?
“எழுதிக் குடுத்தேல்ல. ரசீது போடு.”

போட்டேன்.
கொடுத்தவர்: லூர்துராயன்.
பெற்றவர்: பிலோமி லூர்துராயன்.
ஷொஹாக் எட்டிப் பார்த்தான்.
ஒரே பெயர் இரண்டு தடவை வந்திருக்கிறதே,
அடித்ததில் தப்பா, என்றான்.