ஒறிஜினல்

கஸ்தூரியார் வீதியில், பற்றறிக் கடைக்கும்
பூட்டியே கிடக்கும் தையற்கடைக்கும் நடுவில்
எட்டடி அகலம் என் சீவியம்.
ஒரு போட்டோக்கொப்பி மெஷின்,
நாலு தரம் திருத்திய மேசைவிசிறி.
பக்கம் இருபது ரூபா.
சனம் கொப்பிகளை எண்ணி எண்ணி எடுக்கும்.
மறந்து போவது ஒறிஜினலைத்தான்.

மூடியைத் திறந்தால் சூடாறாமல் கிடக்கும்
ஆரோ ஒருத்தரின் பிறப்புப் பத்திரம்,
பொன்னாலையில் ஐந்து பரப்புக் காணி,
வடக்கே ஒழுங்கை,
கிழக்கே அம்பலவாணர் பெண்சாதி பங்கு.

கறுப்பாய் விழுந்த தாள்களின் மறுபக்கத்தில்
நான் நாவல் எழுதுகிறேன்.
முப்பத்தேழாம் பக்கத்தில் சௌபாக்கியவதி
குறிகாட்டுவான் இறங்குதுறையில் நிற்கிறாள்.
மாசியில் நிறுத்தினேன். இப்போது ஐப்பசி.
படகு வருகிறது, போகிறது. அவள் ஏறுகிறாள் இல்லை.
ஒரு காதலனைக் கொடுத்துப் பார்த்தேன், வாங்கவில்லை.
செத்துப்போன தமையனைக் கொடுத்தேன்.
அழுதாள், என்னை நம்பி அல்ல.
கடலுக்குப் பயம் என்று எழுதினேன்.
அனலைதீவில் பிறந்தவள், சிரித்துவிட்டாள்.

பண்ணைப் பாலத்தில் போய் நின்றும் பார்த்தேன்.
காற்றிடம் கேட்டேன்.
காற்று கண்ணுக்குள் மண்ணைப் போட்டது.
"உதெல்லாம் உங்களுக்கு எங்கையிருந்து வருது அக்கா?"
பற்றறிக் கடை டெரன்ஸ் கேட்பான்.
இரண்டாம் தட்டிலிருந்து என்பேன்,
தாள் அங்கேதான் இருக்கிறது.

வியாழக்கிழமை மழைக்குள்
750 பஸ்ஸைப் பிடிக்க ஓடினவர் விட்டுப்போனது
ஒரு கொப்பித் தாள், நீல மை, சாய்ந்த எழுத்து:

வாடகைக்கு இருப்பவர் பொறுப்பேற்கும் பொருட்கள்.
மின்விசிறி 3, ஒன்று சுற்றாது.
கதிரை 5.
ஆட்டுக்கல் 1, குழவி இல்லை.
அறை 1, பூட்டியது. திறப்புத் தரப்படமாட்டாது.

எனக்கென்று ஒரு கொப்பி எடுத்தேன்.
களவில்லை என்று எனக்கே காட்ட
இருபது ரூபாவை லாச்சிக்குள் போட்டேன்.

அன்றிரவு அந்த அறைக்குள் நான் வைக்காதது இல்லை.
உடுக்காத கூறைச் சேலை,
ஆணியிலிருந்து இறக்கிய படங்கள்,
பெயர் சொல்லாத ஒரு மனிதன், அவனுடைய இருமல்.
பேனை ஓடியது, பன்னிரண்டு பக்கம்.
காலையில் வாசித்தேன்.
எல்லாம் எங்கேயோ
ஆரோ எடுத்த கொப்பி போல மங்கலாய் இருந்தது.

திங்கள் வந்தார் ஆனைக்கோட்டைச் சோமாஸ்கந்தர்,
முழங்கையில் ஹெல்மெட்.
"பிள்ளை, ஒறிஜினலை இஞ்சை விட்டிட்டன் போல."
கொடுத்தேன். வாய் அடங்கவில்லை.
"அந்த அறைக்குள்ள என்ன அண்ணை?"
அவருடைய காற்சட்டையின் விலையைக் கேட்டதுபோலப் பார்த்தார்.
"ஒண்டுமில்லை.
மாரிக்குக் கதவு ஊதிப்போச்சு.
இழுத்தாலும் வராது, தள்ளினாலும் போகாது.
வாடகைக்கு வாறவைக்கு உதைச் சொல்லேலுமே?"

போய்விட்டார்.
பன்னிரண்டு பக்கத்தையும் மடித்து
மேசைக்காலுக்கு அண்டை கொடுத்தேன்.
மேசை ஆடாமல் நின்றது, அதுவாவது.

பிறகு ஒரு பள்ளிக்கூடத்தின் தவணைப் பரீட்சை,
எண்பது வினாத்தாள்.
வெளிச்சம் போய்வந்து போய்வந்து,
ஐம்பத்து மூன்றாவது தாள் விழும்போது
சும்மா ஒரு யோசனை:
திறந்தபடி நிற்கையில் கதவு ஊதினால்
அது பூட்டவும் மாட்டாதே.

சௌபாக்கியவதி வீட்டுக் கதவு பூட்டுப்படவில்லை.
தோளால் தள்ளினாள், காலால் உதைத்தாள்,
கடைசியில் ஒரு கதிரையை அண்டக் கொடுத்துவிட்டு வந்தாள்.
துறையில் நிற்கிறவளுக்குக்
காதல் இல்லை, சாவு இல்லை, கடலும் இல்லை.
சோளகம் பலக்கிறது.
கதிரை அரக்கியிருக்குமோ?

"ஏறுறியளோ இல்லையோ?" படகுக்காரன் கத்துகிறான்.
ஒன்பது மாதத்துக்குப் பிறகு
அவள் காலை எடுத்தாள்,
தண்ணீர்ப் பக்கம் அல்ல, பஸ் நிற்கிற பக்கம்.
சில்லறை இருக்கிறதா என்று பார்க்கக்
கைப்பையைத் திறந்தாள்.

கரண்ட் போயிற்று.
இன்னும் இருபத்தேழு வினாத்தாள் பாக்கி.