ஆளுக்கு நான்கு

ஆறாம் வகுப்பில் இருபத்தைந்து பேர்.
ஆகவே ஆளுக்கு நான்கு சதவீதம்.
முடிவு வந்த ஜூலைக் காலையில்
தலைமையாசிரியை திருமதி த்ரெல்கெல்ட்
கால்குலேட்டர் தேடவில்லை:
எழுபத்தாறு.
போன வருடம் எண்பது.

"இன்னும் ஒரு நான்கு மட்டும்" என்றவரின் கண்
கோரினின் காலி நாற்காலிக்குப் போய்
வெட்கப்பட்டுத் திரும்பியது.

வாசிப்புத் தேர்வில் அவன் பக்கத்தில் இருந்தவள் நான்.
பச்சைக் காதுமூடி போட்டிருந்தான்.
பத்தி, ஒரு கலங்கரை விளக்கத்தைப் பற்றியது.
மூன்றாம் பக்கத்தில் பென்சிலை வைத்துவிட்டு
கிரிம்ஸ்பித் துறைமுகத்திலிருந்து வந்து
உணவுக்கூடக் கூரையில் இறங்கும்
கடற்காகங்களை எண்ணத் தொடங்கினான்.
நாற்பத்தொன்று, விரலால் மேசையில் எழுதினான்.
நானும் எண்ணியிருந்தேன். சரிதான்.
உதவியாளர் வாய் திறக்கக் கூடாது, அது விதி.

வரவேற்பறையில் எங்கள் சமத்துவ உறுதிமொழி
கண்ணாடிச் சட்டத்துக்குள்,
ஆறடி ஆய்வாளரின் கண்ணுக்கு நேராக.
செப்டம்பரில் புதிதாய்ச் சேர்ந்த மார்னி
சக்கர நாற்காலியை அங்கே நிறுத்தி
"அதில் என்ன போட்டிருக்கு?" என்றாள்.
"எல்லாக் குழந்தைகளும்" என்று படிக்கத் தொடங்கினேன்.
மேலே போக முடியவில்லை.

பராமரிப்பாளர் டெஸ்மண்ட் துளைக்கருவியோடு வந்தார்.
மார்னி கை நீட்டிக் காட்டிய உயரத்துக்கு
இறக்கி மாட்டினார்.
மார்னி படித்தாள். இரண்டு எழுத்துப்பிழை கண்டுபிடித்தாள்.

பள்ளியின் கடைசி நாள்.
பையை மாட்டிக்கொண்டு கோரின்
அந்தச் சுவரின் முன் நின்றான்.
சட்டத்தை அவன் பார்க்கவில்லை.
மேலே, வண்ணம் வெளுக்காத சதுரத்தில்
பழைய ஆணித் துளைகள்.

"நாலு" என்றான் என்னிடம்.

எண்ணிப் பார்த்தேன்.
சரிதான்.
இந்தமுறை வாய்விட்டே சொன்னேன்.