பதினைந்து

வெளியே மைனஸ் முப்பத்திநாலு.
வின்னிபெக்கில் கார்களும்
வயர் செருகித்தான் தூங்குகின்றன.

உள்ளே ஏழாம் இன்குபேட்டரில்
அறுநூற்று நாற்பது கிராம்.
அட்டையில் 'பியர்டி, பெண்' என்று மட்டும்.
பெயர் இன்னும் வரவில்லை.

முழங்கை மடிப்பில் நுழைந்து
இதயத்தின் வாசல்வரை போகிற குழாய்,
பொத்தான் தைக்கும் நூலளவு.
தோலுக்கு வெளியே நாலரை சென்டிமீட்டர்.
நேற்றும் நாலரை.
எழுதி வைக்கிறேன்.

மூடியைத் தேய்க்கிறேன், பதினைந்து எண்ணி.
காய விடுகிறேன், இன்னொரு பதினைந்து.
பக்கத்து அலாரம் கத்தட்டும்,
டாக்டர் கடிகாரம் பார்க்கட்டும்,
ஒன்பது ஒருநாளும் பதினைந்தாகாது.

தாம்சனிலிருந்து விமானத்தில் வந்த தாய்
வந்த நாள்முதல் பேசவில்லை.
மாஸ்க்குக்குள் அசையும் என் தாடையையே
பார்த்துக்கொண்டிருப்பாள்.
தையல் வலிக்கிறதா என்றால் தலையாட்டுவாள்,
ஆமாவா இல்லையா தெரியாது.

இன்று நான் பால் அளந்துகொண்டிருக்க,
புதிதாய்ச் சேர்ந்த மரிவிக்
பத்தில் கையை எடுத்தாள்.

"இன்னும் ஐந்து."

யார் குரலென்று திரும்பினோம்.
நாற்காலியிலிருந்து பாதி எழுந்திருந்தாள்.

மரிவிக் புதுத் துடைப்பான் பிரித்து
ஒன்றிலிருந்து தொடங்கினாள்.
மூன்று பேரும் எண்ணினோம்.

பதினொன்றில்
ஏழாம் இன்குபேட்டர்
கொட்டாவி விட்டது.