ஊக்குப் போட்ட இடது கால்

நூறு வோல்ட்டில் பிறந்த மோட்டாரை
இருநூற்று முப்பதில் சொருகிவிட்டார்கள்.
பழங்காநத்தம் பஞ்சு குடோனிலிருந்து போன்.
காயில் தீய்ந்த வாசம்தான்
எனக்குச் சோத்து வாசம். போனேன்.

நீளப் பலகை. அடியில் ஒரு தண்டு.
தண்டில் முப்பத்தாறு கோணல்,
கோணலுக்கொரு குச்சி,
குச்சி நுனியில் ஒரு செருப்பு.
கட்டைச் செருப்பு, ஜப்பான் செருப்பு.
கரண்டு விட்டால் நடக்குமாம்.

'எங்கே போகும்?'
பொற்கொடி கேட்டுச் சொன்னாள்:
'எங்கேயும் போகாதாம்ணே.'
'அப்புறம் எதுக்கு நடக்குது?'

கனாயே அம்மா பேசவில்லை.
இரண்டு விரலை உள்ளங்கையில் நடக்கவிட்டு
தடுக்கி விழவைத்துக் காட்டினார்.

கீழவாசல் காயலான் கடையில்
ஷேர் ஆட்டோ வைப்பர் மோட்டார், நானூறு ரூபாய்.
மாட்டினேன்.
அதற்கு மழை ஞாபகம் போல.
கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற ஓட்டம்!
குடோன் புறா மொத்தமும் எழுந்து பறக்க
நாலு செருப்பு தெறித்துச்
சுவரில் மோதிப் பிளந்தது.

என் கதை முடிந்தது என்று நிற்கிறேன்,
அந்தம்மா தரையில் உட்கார்ந்து
கை தட்டுகிறார்.

ரெசிஸ்டன்ஸ் போட்டேன்.
சீர்வரிசை தூக்கிப் போகிற நடை வந்தது.
ஆனால் நாலு குச்சி
வெறுங்காலோடு ஏறி இறங்கின.

வாட்ச்மேனிடம் ஒன்று வாங்கினார்.
டீ கொண்டுவந்த பையனிடம் ஒன்று.
பொற்கொடியின் குதிகால் செருப்பில் ஒன்று.
பிறகு என் காலைப் பார்த்தார்.

நீல வார். இடது.
அறுந்த இடத்தில் ஊக்கு.
வெட்கத்தில் ஊக்கைக் கழற்றப் போனேன்,
'ஒச்சப்பன்-சான்!' என்று
கையைப் பிடித்துக்கொண்டார்.

டக் டக் டக் சளக்
டக் டக் சளக்
டிங்.

அந்த டிங் நான்.

திறப்பு நாளில்
பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் நின்று
நின்ற இடத்திலேயே கூட நடந்தார்கள்.
மாநகராட்சி அதிகாரி ஒருவர்
'இதனால் பொதுமக்களுக்கு என்ன பயன்?' என்றார்.
கேட்கும்போதே
அவர் ஷூ தாளம் போட்டதை
நான் மட்டும் பார்த்தேன்.

எங்கேயும் போகாத நடை
பெட்டியில் ஏறி ஒசாகா போய்விட்டது.
எனக்குப் பாஸ்போர்ட் கிடையாது.

வேறு ஜோடி வாங்கியாச்சு.
மிஞ்சிய வலது
சுற்று மிஷினுக்கு மேலே ஆணியில்.
மோட்டாரை ஓட்டிப் பார்க்கையில்
பெஞ்சு அதிர்ந்து, சுவர் அதிர்ந்து
அதுவும் லேசாக
ஒரு எட்டு வைக்கும்.

'திருஷ்டிக்கா அண்ணே?' என்கிறார்கள்.

ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன்.