இடது பக்க சீல்

ஸ்டீரிங் பெட்டியின் இடது காதிலிருந்து
மூன்று நாளாய்ச் சொட்டுகிறது.
கீழே மைலோ டின் வைத்தேன்.
விடிவதற்குள் கால் டின்.

நட்டு சுலபமாய் வந்துவிட்டது.
கைதான் வரவில்லை.
புல்லர் போட்டு இறுக்கி, சூடு காட்டி,
சம்மட்டியால் ஒன்று,
கெட்ட வார்த்தையால் ஒன்று.
இரண்டாவதற்கு அசைந்தது.

பழைய சீல் கருவாடாய்க் காய்ந்திருந்தது,
உதட்டில் செம்பனை நார்.
தண்டைத் துடைத்து நகத்தை ஓட்டினேன்.
ஓரிடத்தில் தடுக்கியது.
முப்பது வருஷம் அங்கேயே உரசி
ரப்பர் இரும்பைத் தின்றிருக்கிறது.

சுங்கை பக்காப் கடையில் புதுத் தண்டு கேட்டேன்.
லிம் சிரித்தார்.
சீல் மட்டும் தந்தார், எட்டு வெள்ளி அறுபது காசு.
முழுசாய் உள்ளே அடிக்காமல்
ஒரு நெல் அளவு வெளியே நிறுத்தினேன்.
புது உதடு தேயாத இரும்பைக் கவ்வட்டும்.

மறுநாள் டின்னில் ஒரு பல்லி.
எண்ணெய் இல்லை.

அக்கா புருஷன் சன்னாசி
ஞாயிறுகளில் சொல்லாமல் எடுத்துப் போவார்.
கேட்டால், நானா, சாவியைத் தொடவே இல்லை என்பார்.
நான் சண்டை போட்டதில்லை.
தார் ரோட்டில் பளபளக்கும் பொட்டுகளைப் பிடித்து நடந்தால்
ஜாவியில் அடுத்தவன் தோட்டத்துத் தராசடிக்குப் போய்ச் சேரும்.
அங்கே பொட்டுகள் கூடிச் சின்னக் குட்டை.
எத்தனை நடை அடித்தார் என்றுகூடச் சொல்லிவிடலாம்.
மாசக் கடைசியில் அவர் பங்கில் கழித்துக்கொள்வேன்,
அவரும் எண்ணிப் பார்க்காமல் வாங்கிக்கொள்வார்.

இன்று ஞாயிறு.
கொட்டாய் காலி.
நிபோங் திபால் வரைக்கும் ரோடு
துடைத்துவிட்ட மாதிரி கிடக்கிறது.
நான் குழாயடியில் உட்கார்ந்து
மைலோ டின்னைக் கழுவுகிறேன்.