எட்டு வாரச் சப்பாத்தி

கரூர், வெங்கமேடு.
துண்டு ஏற்றுமதிக் கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை.
டியூப் லைட்டுக்கு நேர் கீழே மேசை.
டெர்ரித் துண்டை விரித்து உள்ளங்கையால் தடவுவேன்:
நிற்கிற நூல்வளையம் எது, படுத்துவிட்டது எது,
கண்ணுக்கு முந்திக் கை சொல்லிவிடும்.
மொட்டையான இடத்தில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர்.

எனக்கு ஸ்டிக்கர் ஒட்ட
மூன்று வருஷமாய் ஒருத்தருக்கும் தெரியவில்லை.
ரத்தம் எட்டு. மாத்திரை.
ரத்தம் எட்டரை. மறுபடி மாத்திரை.
"பொம்பளைங்களுக்கு இருக்கறதுதானுங்க"
என்றார் தெருமுனை டாக்டர், அடுத்த டோக்கனைப் பார்த்தபடி.
ராத்திரி ஒன்பதுக்கு மேல் என் வயிறு மட்டும்
உழவர் சந்தையாட்டம் இரைந்துகொண்டிருந்தது.

எட்டரைக்கு எங்கள் வீட்டில் சப்பாத்தி.
அவருக்குச் சர்க்கரை வந்த நாளிலிருந்து
எல்லோருக்கும் ஒரே மாவு, ஒரே கல்.
ஷிப்ட் முடிந்து வந்து
ரெண்டு விதமாய்ச் செய்ய யாருக்கு ஆகும்?

தை மாசம் நானாகவே நிறுத்தினேன்.
யாரும் சொல்லவில்லை.
பங்குனியில் வளையல் மணிக்கட்டிலேயே நின்றது,
முழங்கை வரை ஓடவில்லை.

கோயமுத்தூரில் டாக்டர் ஹெப்சிபா
கேட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார்.
"நிறுத்தீட்டீங்களா? அடடா.
திருடன் உள்ள இருந்தாத்தான் நாய் குரைக்கும்.
இப்ப ரத்தம் எடுத்தா ஒண்ணுமில்லேன்னு வரும்,
நீங்களும் நம்பீருவீங்க.
எட்டு வாரம், தினமும் கோதுமை சாப்பிட்டுட்டு வாங்க."
அப்புறம் சீட்டில் இன்னொரு வரி எழுதினார்:
"சில பேரு உடம்புல குரைக்கிற நாயே இருக்காதுங்க,
அதையும் சேர்த்துப் பார்த்துரலாம்."

அப்படித்தான், தெரிந்தே தின்றேன்.
சாட்சி சொல்ல வேண்டிய வயிற்றுக்கு
தினம் ரெண்டு சப்பாத்தி.
அவர் என் தட்டிலிருந்து ஒன்றைத் தன் தட்டுக்கு நகர்த்துவார்,
நான் திரும்பப் பிடுங்குவேன்.
மூன்றாம் வாரம் பாத்ரூம் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு,
"போதும் பூங்கோதை, நோவு இல்லேன்னே வெச்சுக்கலாம்" என்றார்.
வைத்துக்கொள்ள முடிகிற சாமானா அது?

ஐம்பத்தாறு தாள் கிழித்தாயிற்று.
லேப்பில் ரியாஸ் தம்பி நரம்பு தேடித் தட்டினான்.
ரிப்போர்ட்டில் வலப்பக்கம் சின்ன எழுத்து: பத்துக்குள்.
இடப்பக்கம் தடித்த எழுத்து: நூற்று நாற்பத்திரண்டு.
பள்ளிக்கூடத்தில்கூட
இத்தனை மார்க் நான் வாங்கியதில்லை.

நம்பர் மட்டும் போதாதாம்.
தொண்டை வழியே குழாய் விட்டு
குருணை அளவில் ஐந்து துணுக்கு கிள்ளினார்கள்.
"குடலுக்குள்ள விரல் விரலா நிக்கணும்,
சத்தைப் பிடிக்கறது அதுதான்" என்று படம் காட்டினார் டாக்டர்.
"டெர்ரித் துண்டாட்டமா?" என்றேன்.
ஒரு நிமிஷம் யோசித்து, "அப்படியேதான்" என்றார்.
என்னுடைய படத்தில் ஒன்றும் நிற்கவில்லை.
கை தானாகச் சேலை மடிப்பில்
ஸ்டிக்கர் சுருளைத் தேடியது.

அதற்குப் பிறகு நான் டப்பாக்களைப் படிக்கிறவள் ஆனேன்.
பெருங்காயத்தில் மைதா,
ரசத்துக்குள் ஒளிந்திருந்திருக்கிறது இத்தனை வருஷம்.
ராகியை ரைஸ்மில்லில் முதல் ஆளாய்க் கொடுக்கணும்,
கோதுமை ஓடிய மிஷினில் கூடாது.
காலை ஆறரைக்கே வாளியோடு நிற்பேன்.
"வேண்டுதலைங்களா அக்கா?" என்றார் மில்காரர்.
ஆமாம் என்றுவிட்டேன்,
சொன்னால் ஷட்டர் திறக்கவே நேரம் பத்தாது.

அம்மாவுக்கு இருந்தால் பிள்ளைக்கும் பார்க்க வேண்டுமாம்.
இன்றைக்கு இனியாவைக் கூட்டிப்போனேன். ஒன்பது வயசு.
"பாப்பா, கோதுமை பண்டமெல்லாம் சாப்பிடறயா?"
ரியாஸ் கேட்டதும் என்னைத்தான் பார்த்தாள்,
மாட்டிக்கொண்டவள் மாதிரி.
"எல்லாம் சொல்லு, ஒண்ணையும் மறைக்காத" என்றேன்.
விரல் விட்டு எண்ணினாள்:
பள்ளிக்கூடத்து வாசலில் பப்ஸ்,
ஞாயிற்றுக்கிழமை பரோட்டா,
அப்பாவோடு தினமும் சப்பாத்தி,
அப்புறம், குரலைத் தணித்து, என் பங்கு பிஸ்கட்.

வெள்ளிக்கிழமை ரிப்போர்ட்.
"டாக்டர் சொல்ற வரைக்கும் நிறுத்தீராதீங்க்கா" என்றான்
பஞ்சை அமுக்கியபடி.

மணி எட்டரை.
அவள் தட்டோடு உட்கார்ந்திருக்கிறாள்.
கல் காய்கிறது.